அமாவாசை வெயில்

கார்த்திகை அமாவாசைக்கு மறுநாள் காலை தறியில் அமர்ந்த குமாரவேல், ஊடுநூல் ஓட்டும் நாடாவைக் கையில் எடுக்காமல், நெய்து முடித்திருந்த பகுதியின் மேல் குனிந்து சற்று நேரம் பார்த்தான்.

"அக்கா, இத்த வந்து பாருங்க."

சங்கரி தன் இடத்திலிருந்து எழுந்து வந்தாள். அரக்கு நிறச் சேலையின் உடலில், இடக் கரையிலிருந்து நான்கு விரல் தள்ளி, ஒரு கருகல் இருந்தது. நீளம் கட்டைவிரல் நகத்தின் அளவு. அகலம் மூன்று, நான்கு இழைக்கு மேல் இராது. பிறை போலச் சற்றே வளைந்திருந்தது. அவள் விரலால் தொட்டபோது அந்த இடத்தில் பட்டு பொடிந்து உதிர்ந்தது.

"எலியா இருக்குமாப்பா?"

"எலி கடிச்சா கருவுமா அக்கா?"

முந்தைய நாள் பத்தரை மணிக்குக் காமாட்சியம்மன் கோயிலிலிருந்து திரும்பிக் கதவைத் திறந்தபோது தலைமயிர் பொசுங்கும் வாடை வந்தது அவளுக்கு நினைவு வந்தது. பட்டு எரிந்தால் அந்த வாடைதான் வரும். நூல் அசல்தானா என்று பார்க்க ஓர் இழையைக் கொளுத்தி முகரும் ஊர் அது. அவள் அதில் ஐம்பத்திரண்டு ஆண்டுகள் வாழ்ந்தவள். ஆயினும் தெருவில் யாரோ குப்பையைக் கொளுத்துகிறார்கள் என்று எண்ணித் தறியறையின் சன்னலைச் சாத்திவிட்டுச் சமைக்கப் போய்விட்டாள்.

பிள்ளையார்பாளையத்தில் இருந்த அந்த வீட்டில் ஒரே ஒரு தறி. தரையில் குழி வெட்டி அமைத்தது. சங்கரியின் கணவன் ஆனந்தகுமார் இறந்த ஆண்டு குமாரவேல் அங்கே நெய்ய வந்தான். பதினோரு ஆண்டுகள் ஆகிவிட்டன. உடலும் கரையும் வேறு வேறு நிறத்தில் வந்து பூட்டிக்கொள்ளும் கோர்வைச் சேலைக்கு இரண்டு பேர் வேண்டும். குழியின் நடுவே சன்னலுக்கு முதுகு காட்டி அவன் அமர்வான். வலப்பக்கக் கரையின் நாடாவைத் தள்ள அவள் அமர்வாள். அவன் நாடா வந்தால் அவள் நாடா போகும். ஒரு நாளில் அது எத்தனை முறை நிகழும் என்று இருவரும் எண்ணியதில்லை. பேச்சு அதைவிட மிகக் குறைவு. வீட்டுச் சாவி ஒன்று அவனிடமும் இருந்தது.

அவனுடைய இடக்கைப் பக்கம், ஒரு மணைப்பலகையின் மேல், உருண்டையான கண்ணாடிக் கிண்ணம் இருந்தது. ஆனந்தகுமார் அதில் இரண்டு பொன்மீன்கள் வளர்த்தான். முதலில் மீன்கள் போயின. நான்கு ஆண்டுகள் கழித்து அவனும் போனான். பரணில் கிடந்த அந்தக் கிண்ணம் கீழே வந்ததற்குப் பக்கத்து வீட்டு ஜெயப்ரியா காரணம். தீபாவளி கழிந்து ஒருநாள் அவள் எட்டிப் பார்த்து, "இன்னாக்கா கலரு இது, ரத்தம் தோத்துடும் போல," என்று சொல்லிவிட்டுப் போனாள். அன்று மாலையே சங்கரி கிண்ணத்தைக் கழுவி, கழுத்துவரை தண்ணீர் நிரப்பி, ஓர் எலுமிச்சம்பழத்தை மிதக்கவிட்டு, திருஷ்டிக்காகத் தறியருகே வைத்தாள். பக்கவாட்டில் பார்த்தால் பழம் மாங்காய் அளவுக்குப் பெருத்துத் தெரிந்தது.

"எவன் கண்ணு பட்டாலும் பரவால்லக்கா," என்றான் குமாரவேல். "இந்தப் பழம் இல்ல என்னயே மொறச்சிக்கினு இருக்குது."

அந்த மாதம் அவர்கள் சிரித்தது அந்த ஒரு முறைதான்.

கருகல் தெரிந்த அன்று பிற்பகல் தர்மதாஸ் வந்தார். தறியில் ஏற்றும் பாவு நூலும் சரிகையும் அவருடையவை. நெய்து தருவது மட்டுமே இவர்கள் வேலை. அறுபது வயது தாண்டிய அவர், எந்த வீட்டுக்குப் போனாலும் ஐந்து மணிக்குள் கிளம்பிவிடுவார். பொழுது சாய்வதற்குள் உண்டுவிட வேண்டும் என்பது அவர்கள் சமணக் குடும்பத்து வழக்கம். சட்டைப் பையிலிருந்து மடக்கு லென்ஸை எடுத்து விரித்து, கருகலின் மேல் வைத்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார்.

"பீடி," என்றார்.

"பீடிய விட்டு ஆறு வருஷம் ஆச்சி மொதலாளி," என்றான் குமாரவேல்.

"விட்டவன் திரும்பித் தொடமாட்டானா?"

"தொட்டிருந்தா நானே கூப்ட்டுக் காட்டுவனா?"

தர்மதாஸ் சங்கரியின் பக்கம் திரும்பினார். "நேத்து அமாவாச. தறி ஓடல. யார் யாரும்மா உள்ள வந்தது?"

அமாவாசையன்று காஞ்சிபுரத்தில் நெசவு இல்லை. தறிக்குப் பொட்டும் பூவும் வைத்து, மேலே போர்த்திய துணியை எடுத்துவிட்டு, கிண்ணத்துத் தண்ணீரையும் பழத்தையும் மாற்றிவிட்டுச் சங்கரி ஏழரை மணிக்கே கோயிலுக்குப் போய்விட்டாள். பழுது பார்ப்பதற்குத் தடையில்லை என்பதால், பூவேலைக்கு இழைகளைத் தூக்கும் ஜக்கார்டு பெட்டியில் அறுந்திருந்த கயிற்றைக் கட்டக் குமாரவேல் எட்டு மணிக்கு வந்து, எட்டரைக்குப் பூட்டிக்கொண்டு போனான்.

"நான் கோயிலுக்குப் போயிட்டேங்க," என்றாள் சங்கரி. "தம்பி கயிறு கட்ட வந்துட்டுப் போச்சி. வேற யாரும் வரல."

"வாட கீட வந்துதா?"

"வந்துதுங்க. கருவுற வாட."

சொன்ன எதிலும் பொய் இல்லை. குமாரவேல் அவள் முகத்தைப் பார்த்தபடி இருந்தான். அவள் இன்னும் ஒன்று சொல்வாள் என்று அவன் காத்திருந்தது அவளுக்குத் தெரிந்தது. அந்த ஒன்று என்ன என்பதும் தெரிந்தது. ஆனால் வாடை வந்தது, கருகல் இருந்தது, வேறு யாரும் வரவில்லை. ஒருவேளை என்ற சொல் அவளுக்குள் நுழைந்து உட்கார்ந்துகொண்டது. அவள் சேலையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இனிமே இந்தக் கை என் பாவுல படக்கூடாது," என்றார் தர்மதாஸ்.

குமாரவேல் குழியிலிருந்து எழுந்தான். மடித்து வைத்திருந்த துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டான். இடுப்பிலிருந்து சாவியை எடுத்து, மணைப்பலகையின் மேல், கிண்ணத்துக்குப் பின்னால் வைத்துவிட்டுப் போனான். நின்ற இடத்திலிருந்து சங்கரிக்கு அது தண்ணீர் வழியே தெரிந்தது. பெரிய சாவியாக, பற்கள் மறுபக்கம் திரும்பியதாக.

தர்மதாஸ் சேலையை அறுத்தார். கருகிய இடத்தை உள்ளங்கை அளவுக்கு வெட்டிச் சங்கரியிடம் கொடுத்தார். "வச்சிக்கோ. நாளைக்கு இன்னொருத்தன் வந்தா காட்டு." மீதிப் பாவு மறுவாரம் வேறொரு வீட்டுக்குப் போயிற்று.

இன்னொருவன் வரவில்லை. குமாரவேல் ஐயம்பேட்டையில் ஒரு தறிக்கூடத்தில் நெய்யப் போய்விட்டதாக ஜெயப்ரியா சொன்னாள். ஒற்றை ஆளாகக் கோர்வை நெய்ய முடியாது என்பதால் சங்கரியின் தறி நின்றது. தர்மதாஸ் இரக்கமுள்ளவர். மற்ற வீடுகளில் நெய்த சேலைகளை அவளிடம் அனுப்பி, பிழை பார்த்து மடித்துத் தரச் சொன்னார். தன் மடக்கு லென்ஸையும் கொடுத்து வைத்தார். பிழை கண்டுபிடிப்பதில் அவள் தேர்ந்தவள் என்று அவர் நம்பினார்.

அவள் முன்னறையில் அமர்ந்து வேலை பார்த்தாள். தறியறையின் சன்னல் சாத்தியபடி கிடந்தது. நாடா ஓடும் ஓசை இல்லாத வீட்டில் மற்ற ஓசைகள் கேட்கத் தொடங்கின. பக்கத்து வீட்டுக் கறுப்புத் தண்ணீர்த் தொட்டி நிரம்பும் ஓசை. பிற்பகலில் மாவு அரைக்கும் ஓசை. மார்கழி பிறந்ததும் விடியலில் கோயில் ஒலிபெருக்கி. சில நாள்களில், சேலை கொண்டுவந்தவரிடம் "வச்சிட்டுப் போங்க" என்று சொன்னதைத் தவிர வேறெதுவும் பேசவில்லை என்பது அவளுக்கு இரவில் படுக்கும்போதுதான் தெரியும். வாரம் ஒருமுறை கிண்ணத்துப் பழத்தை மாற்றினாள். வெறும் தறியின் மேல் யார் கண் படப்போகிறது என்று அவள் யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் ஒரு வேலை குறைந்திருக்கும். வேலையைக் குறைத்துக்கொள்ளும் நிலையில் அவளுடைய நாள்கள் இல்லை.

மார்கழி பாதியில், வாசலில் வெயில் நன்றாக விழுந்த ஒரு காலையில், ஒரு பச்சைச் சேலையை மடியில் விரித்து, ஓர் அங்குலத்துக்கு எத்தனை இழை என்று லென்ஸின் வழியே எண்ணிக்கொண்டிருந்தாள். ஜெயப்ரியா கூப்பிட்டாள். லென்ஸைப் பிடித்த கையைத் தூக்கியபடியே திரும்பினாள். மடியிலிருந்த மற்றக் கையின் மேல் ஊசி குத்தியது போல இருந்தது. பார்த்தபோது, மணிக்கட்டில் கடுகளவு ஒளிப்புள்ளி ஒன்று வெள்ளையாக நின்றது.

"இன்னாக்கா, தேள் கொட்டினா மாதிரி உதர்றீங்க?"

"ஒண்ணுமில்ல. நீ போ."

ஜெயப்ரியா போன பிறகு, சங்கரி கழிவு நூல் கட்டிலிருந்து ஓர் அரக்கு இழையை உருவி வாசற்படியில் வைத்தாள். லென்ஸை மேலும் கீழும் நகர்த்தினாள். மிக அருகில் பிடித்தால் ஒளி பரந்த வட்டமாக விழுந்தது. தூக்கத் தூக்க வட்டம் சிறுத்தது. இரண்டு அங்குலத்தில் புள்ளியானது. அதற்கு மேல் தூக்கினால் மீண்டும் பரந்தது. புள்ளியான இடத்தில் நிறுத்தினாள். பத்து எண்ணுவதற்குள் இழை சுருண்டது. மெல்லிய புகை எழுந்தது. தலைமயிர் பொசுங்கும் வாடை வந்தது.

அவள் படியிலிருந்து எழுந்தாள். பிறகு உள்ளே போய்க் கிண்ணத்தைப் பார்த்தாள்.

அது லென்ஸ் அன்று. தண்ணீர் நிரம்பிய கிண்ணம். ஆனால் உருண்டையாக இருந்தது. பழத்தைப் பெருக்கிக் காட்டியது. அவளுக்கு இரண்டையும் ஒன்றென்று எடுத்துக்கொள்ள மனம் வரவில்லை. நாள்காட்டித் தாளின் பின்புறத்தில் பேனாவால் வலப்பக்கம் நோக்கி ஓர் அம்பு வரைந்து, கிண்ணத்துக்குப் பின்னால் பிடித்தாள். தாள் கண்ணாடியை ஒட்டியிருந்தபோது அம்பு பெருத்து, வலப்பக்கமே நோக்கியது. மெல்ல விலக்கினாள். நான்கு விரல் தூரத்தை நெருங்கியதும் அம்பு உருக்குலைந்து கிண்ணம் முழுதும் பரவியது. இன்னும் விலக்கியபோது சிறிய, தெளிவான அம்பு தோன்றியது. அது இடப்பக்கம் நோக்கியது.

மூன்று முறை செய்து பார்த்தாள். மூன்று முறையும் நான்கு விரலில்தான் திரும்பியது. வலப்பக்கத்து ஒளி இடப்பக்கமும் இடப்பக்கத்து ஒளி வலப்பக்கமும் போக வேண்டுமானால், நடுவில் எங்கோ அவை ஒன்றையொன்று கடந்தாக வேண்டும். கோர்வையில் நாடாக்கள் கடப்பது போல. எல்லா ஒளியும் கடக்கும் அந்த இடத்தில் ஒரு பட்டு இருந்தால் என்ன ஆகும் என்று அவள் கிண்ணத்தை மொட்டைமாடிக்குக் கொண்டுபோய்ப் பார்த்தாள். முதலில் வெள்ளைப் பட்டுத் துண்டு ஒன்றை வைத்தாள். அது சூடானது, வேறொன்றும் ஆகவில்லை. அவளுக்கு ஒரு கணம் நிம்மதியாகவே இருந்தது. பிறகு ஓர் அரக்குத் துண்டை வைத்தாள். அது வெளிச்சத்தை விழுங்கியது. புகைந்தது.

கிண்ணத்தால் பட்டைக் கருக்க முடியும் என்பது உறுதியாயிற்று. கிண்ணம்தான் அன்று கருக்கியது என்பது உறுதியாகவில்லை. மொட்டைமாடியில் வெயிலுக்குக் குறைவில்லை. தறியறையில் அந்த மணைப்பலகை வரை வெயில் வருமா? அவள் சன்னலைத் திறந்து வைத்து இரண்டு நாள் காலை காத்திருந்தாள். வரவில்லை. மார்கழிச் சூரியன் இன்னும் தெற்கே சாய்ந்து, சரியாக அந்த நேரத்தில் ஜெயப்ரியா வீட்டுத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய்விட்டது. தை பிறந்தால் சூரியன் வடக்கே திரும்பும். கார்த்திகையில் நின்ற இடத்துக்குத் தையில் வரும்.

காத்திருப்பது என்று அவள் முடிவு செய்தாள். சரியாகச் செய்வதற்காகக் காத்திருக்கிறேன் என்றே தனக்குச் சொல்லிக்கொண்டாள். ஐயம்பேட்டைக்கு ஷேர் ஆட்டோவில் இருபது நிமிடம்தான் என்பதை அவள் நினைக்காமல் இல்லை. ஒவ்வொரு காலையும் தொட்டியின் நிழல் சன்னல் சட்டத்தில் எங்கே முடிகிறது என்று பென்சிலால் கோடு போட்டாள். பதினெட்டுக் கோடுகள் ஆயின.

தை அமாவாசையன்று எல்லாவற்றையும் அன்றுபோலவே செய்தாள். ஆறு மணிக்குத் தறிக்குப் பொட்டும் பூவும் வைத்தாள். புதிய தண்ணீர், புதிய பழம். கருகல் இருந்த இடத்தை அளந்து, அங்கே வேறோர் அரக்குத் துண்டை இழுத்துக் கட்டினாள். கோயிலுக்கு மட்டும் போகவில்லை. வலப்பக்கம், தன் இடத்தில் போய் அமர்ந்தாள். எதிரே அவன் இடம் காலியாக இருந்தது. சோதனைக்கு அது காலியாக இருக்கத்தான் வேண்டும்.

ஒன்பது மணிவரை பனி விலகவில்லை. ஒன்பதே காலுக்குச் சன்னல் கம்பிகளின் நிழல் தரையில் மங்கலாகப் படிந்தது. பிறகு தெளிந்தது. வெயில் தரையில் நகர்ந்து குழியின் விளிம்பைத் தொட்டது, அவன் முதுகு இருக்க வேண்டிய வெற்றிடத்தைத் தடையின்றிக் கடந்தது, மணைப்பலகையில் ஏறியது. கிண்ணம் முழுதும் ஒளிர்ந்தது. அரக்குத் துண்டின் மேல் ஒரு வெள்ளைப் புள்ளி விழுந்தது.

ஒன்பதே முக்காலுக்கு வாடை வந்தது. புள்ளி நின்ற இடம் பழுப்பானது, கறுத்தது. சூரியன் நகர்ந்ததால் புள்ளியும் நகர்ந்தது. கருகலும் கூடவே நகர்ந்து, நூல் அகலத்தில், சற்றே வளைந்த ஒரு கோடு போட்டது. பீடி நெருப்பு வட்டமாகத்தான் சுடும். அந்த வேறுபாடு அவள் பெட்டியில் இரண்டு மாதம் கிடந்த துண்டில் அத்தனை நாளும் இருந்தது.

ஒன்பது மணிக்குமேல் குமாரவேல் அந்த இடத்தில் அமராத நாள் அமாவாசை ஒன்றுதான். மற்ற நாள்களில் அந்த வெயிலை அவன் முதுகு வாங்கிக்கொண்டது. பட்டைத் திறந்து வைத்தவள் அவள். தண்ணீர் மாற்றியவள் அவள். கிண்ணத்தை வைத்தவளும் அவளே.

மாலை தர்மதாஸுக்குத் தொலைபேசியில் சொன்னாள்.

"சாப்ட உக்காந்துட்டேன்மா. பொழுது எறங்குது. சுருக்கா சொல்லு."

"அந்த அரக்குச் சேலைங்க. அது பீடி இல்ல." நடந்ததை வரிசையாகச் சொன்னாள்.

"அந்தக் கிண்ணத்த எடுத்து உள்ள வச்சிடு," என்றார் கடைசியில்.

"வச்சிட்டேங்க. தம்பி விஷயம்..."

"அவன்தான் அங்க நல்லா நெய்யிறானாமே. அதுல இன்னா விஷயம்?"

"அவங்கிட்ட நீங்க சொல்ல வேணாம். எங்கிட்ட சொல்லுங்க மொதலாளி. பீடி இல்லன்னு."

மறுமுனையில் தட்டு நகரும் ஓசை கேட்டது.

"இல்லமா," என்றார் அவர். "பீடி இல்ல."

மறுநாள் பத்து மணிக்கு அவள் ஐயம்பேட்டையில் இறங்கினாள். கைப்பையில் செய்தித்தாளில் மடித்த இரண்டு துண்டுகளும் சாவியும் இருந்தன. ஓட்டுக் கூடத்தில் ஆறு தறிகள் ஓடிக்கொண்டிருந்தன. மூன்றாவது தறியில் குமாரவேல் இருந்தான். அவனுக்கு வலப்பக்கம் வேறொரு பெண் நாடா தள்ளிக்கொண்டிருந்தாள். அவன் சங்கரியைப் பார்த்தும் வரியை முடித்துவிட்டே எழுந்து வெளியே வந்தான்.

"வாங்கக்கா. இன்னா இவ்ளோ தூரம்? டீ சொல்லட்டா?"

"வேணாம்பா. இத்தப் பாரு."

செய்தித்தாளைப் பிரித்தான். ஒரு துண்டை எடுத்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்தான். "இது நம்பளுது." அடுத்ததை எடுத்து அதன் பக்கத்தில் பிடித்தான். அவன் கண்கள் இரண்டுக்கும் மாறி மாறிப் போயின. "இது?"

"நேத்து. காலைல ஒம்போதே முக்காலுக்கு."

"யாரு வச்சது?"

"வெயிலு."

அவள் சொல்லச் சொல்ல அவன் முகத்தில் வந்தது சிரிப்பாகத்தான் இருந்தது. "அந்தப் பழமா? நான்தான் அன்னிக்கே சொன்னனே, மொறைக்கிதுன்னு."

"நீ உக்காந்திருந்தா ஆயிருக்காதுப்பா. உன் முதுகு மறைச்சிருக்கும்."

"அப்போ அமாவாசைக்கும் நெய்யணும்னு சொல்றீங்க." சிரிப்பு முடிந்தது. "மொதலாளி இன்னா சொன்னாரு?"

"பீடி இல்லன்னாரு. வாயால சொல்ல வச்சேன்."

"அவரு சொன்னா இன்னா, சொல்லாங்காட்டி இன்னா. மாசத்துல ரெண்டு தபா வந்து குனிஞ்சி பாக்கறவரு." இரண்டு துண்டுகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, விளிம்புகள் சேரும்படி நீவினான். "நீங்க தெனமும் பக்கத்துல உக்காந்தீங்க அக்கா. நான் பீடி குடிச்சா மொதல்ல உங்களுக்குத்தான் வாட வரும்."

"ஆமா."

"வந்துதா?"

"இல்ல. ஆறு வருஷமா வரல."

"இத்த அன்னிக்குச் சொல்லியிருக்கலாம். வெயிலத் தேடிக்கினு ரெண்டு மாசம் திரிஞ்சிருக்க வேணாம்."

அவன் குரலில் கோபம் இல்லை. கூடத்துக்குள் யாரோ பண்பலையில் பாட்டை உரக்க வைத்தார்கள். யாரோ குறைக்கச் சொன்னார்கள்.

சங்கரி சாவியை எடுத்து நீட்டினாள்.

"வச்சிக்குங்கக்கா," என்றான் அவன். "இங்க மூணு சேலைக்குப் பாவு ஏத்திட்டாங்க."

"அது முடிஞ்சப்புறம்?"

"அதுக்கப்புறம் வேற பாவு ஏத்துவாங்க."

அவள் தலையசைத்தாள். சாவியைப் பைக்குள் போட்டாள்.

"இந்தத் துண்டுங்கள நான் எடுத்துக்கட்டுமா?" என்று கேட்டான் குமாரவேல். "வூட்ல காட்டணும். கட்டின பொண்டாட்டி நதியா கூட ஒருநாளு நான் தூங்கறேன்னு நெனச்சி சட்டைப் பையத் துழாவினா."

"எடுத்துக்கோப்பா. உனக்குத்தான் கொண்டாந்தேன்."

அவன் செய்தித்தாளோடு மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். "பாத்துப் போங்க. ஷேர் ஆட்டோ அந்தப் பக்கம் நிக்கும்," என்று சொல்லிவிட்டு உள்ளே போனான். அவள் தெருவைக் கடப்பதற்குள் மூன்றாவது தறியின் ஓசையும் மற்ற ஐந்தோடு சேர்ந்துகொண்டது.

அடுத்த நாள் காலை சேலைக் கட்டு எதுவும் வரவில்லை. சங்கரி தறியறையைப் பெருக்கினாள். கிண்ணம் இருந்த மணைப்பலகையைத் துடைத்துச் சுவரோரம் சாத்தினாள். ஒன்பதரைக்கு வெயில் சன்னலுக்குள் வந்தது. சற்றுத் தயங்கிவிட்டுக் குழிக்குள் கால்களை இறக்கி, அவன் இடத்தில், சன்னலுக்கு முதுகு காட்டி அமர்ந்தாள். பதினோரு ஆண்டுகளில் அவள் அந்தப் பக்கம் அமர்ந்ததில்லை.

வெயில் முதுகில் விழுந்தது. முதலில் இதமாக இருந்தது. கால் மணி நேரத்தில் ரவிக்கை நனைந்து ஒட்டியது. தோள்பட்டைகளுக்கு நடுவே எரிந்தது. சன்னலுக்கு ஒரு திரை போட்டிருக்கலாம். கதவில் ஒன்றைச் சாத்தியிருக்கலாம். இரண்டும் அரை நிமிட வேலை. அவன் ஒருநாளும் கேட்டதில்லை. அவளுக்கும் கேட்கத் தோன்றியதில்லை.

வெயில் தாண்டிப் போகும்வரை அவள் நகராமல் இருந்தாள். பத்தேகால் ஆயிற்று.